ஃபுல் லோடுக்கு ஆறு நாற்காலி

"தயவுசெய்து காலால் தாளம் போடாதீர்கள்" என்று எழுதிய பலகையை என் வாழ்நாளில் ஒரே ஒரு கட்டடத்தில்தான் பார்த்திருக்கிறேன். அது தாள இசையைக் கௌரவிப்பதற்கென்றே ஏற்படுத்தப்பட்ட கட்டடம். தேசியத் தாள இசை மாண்பு மன்றம் என்று பெயர். எங்கள் டேடனிலிருந்து காரில் ஒரு மணி நேரம் போனால் ஃபேர்ஹோம் என்று ஓர் ஊர் வரும். அங்கே புல்லைக்கூட ஸ்கேல் வைத்துத்தான் வெட்டுவார்கள். முன்பு சவ அடக்க நிலையமாக இருந்த வெள்ளைக் கட்டடத்தில் மன்றம் நடக்கிறது. பெயர்ப் பலகையை மாற்றினார்களே தவிர கம்பளத்தை மாற்றவில்லை.

கேட்டவரை ஆடவைக்கும் ஃபங்க் இசை பிறந்து வளர்ந்தது எங்கள் மேற்குப் பக்கத்துத் தெருக்களில். டேடனில் தடுக்கி விழுந்தால் ஒரு பேஸ் கிடார்க்காரன் மேல்தான் விழ வேண்டும். பிறகு ஏன் மன்றத்தை டேடனில் கட்டவில்லை என்று நான் தலைவர் டாக்டர் அல்டன் கிரெஷமிடம் ஒருமுறை கேட்டேன். "டேடன்ல இந்த இசை தெரிஞ்சவங்க அதிகம், மிஸ்டர் சீல்ஸ். காட்சியைப் பாக்க வந்தா குறுக்க குறுக்கப் பேசுவாங்க" என்றார். பொய் சொல்லத் தெரியாத மனிதர். அதுதான் அவரிடம் உள்ள பிரச்சினையே.

சீல்ஸ் என்பது நான்தான். வேமன் சீல்ஸ், ஃபுல் லோடு இசைக்குழுவின் இரண்டாவது டிராம்போன். இரண்டாவது டிராம்போன் என்றால் முதல் டிராம்போன் வாசிப்பதையே கொஞ்சம் கீழே வாசிப்பவன். இதை ஒரு வேலையாக மதித்து என்னைக் கட்டிக்கொண்ட பெண்ணுக்கு நான் இன்றும் கடமைப்பட்டிருக்கிறேன்.

எழுபத்தொன்றில் நாங்கள் பதினொரு பேர் சேர்ந்து குழுவைத் தொடங்கினோம். ஒரே பள்ளி, ஒரே சர்ச். பேஸ் கிடார் டெல்பர்ட் ஹேர்ஸ்டன், அவன்தான் தலைவன். அவனுடைய மாமா ரொட்டி போடும் பழைய வேனைக் கொடுத்தார். உள்ளே இரண்டு பக்கமும் ஒவ்வொரு பலகை, அவ்வளவுதான் இருக்கை. பதினொரு பேர், டிரம்ஸ், பெட்டிகள், அதற்குள்ளேயே எங்கள் பாடகன் லான்ஸல் புரூயிட்டின் தலைமுடி. அந்தக் காலத்தில் அவன் முடிக்குத் தனியாக ஒரு சீட்டு வேண்டும். கண்ணாடி முன்னால் நின்று அதைச் சீவிவிட்டு எப்போதும் கடைசியாகத்தான் வருவான். கதவோரம் எர்மா ஜீன் உட்கார்ந்திருப்பாள். கூடவே பாடுவதும் கைதட்டுவதும் அவள் வேலை. லான்ஸல் ஒரு காலை வேனில் வைத்துக்கொண்டு, "தள்ளி உட்காரு, எர்மா!" என்பான். அவள் தள்ள, அவளுக்குப் பக்கத்தில் இருப்பவன் தள்ள, கடைசியில் டிரம்ஸ் வாசிக்கும் ஆர்லிஸ் முன்சீட்டுக்குப் பின்னால் நசுங்கிக் கத்துவான். இப்படியே மூன்று மாநிலங்கள் சுற்றினோம்.

எழுபத்து நான்கில் அதையே பாட்டாக்கினோம். "தள்ளி உட்காரு, எர்மா" என்று லான்ஸல் கூப்பிட்டதும் குரல் நின்றுவிடும், ஊதுகுழல்கள் நின்றுவிடும். நான்கு விநாடி டிரம்ஸும் பேஸும் கிடாரும் ஆர்கனும் மட்டும், நடுவில் எர்மாவின் ஒரே ஒரு கைதட்டல். பிறகு எல்லோரும் பாய்ந்து விழுவோம். அந்தக் கோடையில் டேடனில் அந்தப் பாட்டு கேட்காத ஜன்னல் கிடையாது.

லாஸ் ஏஞ்சலஸிலிருந்து பெரிய கம்பெனி கூப்பிட்டது. போனோம். மேஜைக்குப் பின்னால் இருந்தவர், "அஞ்சு பேர் போதும். போட்டோவுல அஞ்சு பேருதான் அழகு" என்றார். டெல்பர்ட் எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "பதினொண்ணு. இல்லன்னா ஒண்ணுமில்ல" என்றான். ஒன்றுமில்லை என்று கம்பெனி முடிவு செய்தது. அதே வேனில் திரும்பி வந்தோம். டெல்பர்ட்டும் நானும் கார் பாகங்கள் செய்யும் தொழிற்சாலைக்குப் போனோம். எர்மா பள்ளிப் பேருந்து ஓட்டினாள். லான்ஸல் பழைய கார் விற்றான், அதையும் பாடித்தான் விற்றான்.

ஆனால் அந்த நான்கு விநாடி எங்களோடு தொழிற்சாலைக்கு வரவில்லை. நியூயார்க்கில் யாரோ ஒரு பையன் அதை வெட்டி எடுத்துத் திரும்பத் திரும்ப ஓடவிட்டு அதன்மேல் தாளத்தோடு வசனம் பேசினான். அவனைப் பார்த்து இன்னொருவன், பிறகு ஜப்பானில், பிரான்ஸில். கழிப்பறை கழுவும் திரவத்தின் விளம்பரத்தில்கூட வந்தது. எங்கள் நான்கு விநாடி எங்களைவிட நிறைய ஊர் பார்த்திருக்கிறது.

இது நடந்து நாற்பது வருடத்துக்கும் மேலான பிறகு ஒரு மே மாத மதியம் டெல்பர்ட் தன் வீட்டுக் கொல்லைப்புறத்தில் கரி அடுப்பில் விலா எலும்புக் கறி சுட்டுக்கொண்டிருந்தான். நான் தட்டோடு தயாராக நின்றேன். போன் வந்தது. கையெல்லாம் மசாலா, அதனால் ஸ்பீக்கரில் போட்டான்.

"மிஸ்டர் டெல்பர்ட் ஹேர்ஸ்டனா? மாண்பு மன்றத்துலேருந்து மிஸ் பெட்டிகரூ பேசறேன். முதல்ல ஒரு கேள்வி. நீங்க உயிரோடதான் இருக்கீங்களா?"

டெல்பர்ட் என்னைப் பார்த்தான். நான் தலையை ஆட்டினேன்.

"இருக்கேன்னுதான் நினைக்கிறேன்மா."

அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு. "பரவாயில்ல. அதுக்கும் விதியில இடமிருக்கு."

ஃபுல் லோடு இந்த வருடம் மாண்பு பெறுகிறது என்றாள். டெல்பர்ட் இடுக்கியைக் கீழே போட்டான். அவன் வாழ்க்கையில் கருகவிட்ட ஒரே விலா எலும்பு அன்றையதுதான். நான் குறை சொல்லாமல் சாப்பிட்டேன்.

அவனுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்குத் தெரியும். லாஸ் ஏஞ்சலஸில் அவன் சொன்ன ஒரு வார்த்தை பத்துப் பேரைத் தொழிற்சாலைக்கும் பேருந்துக்கும் அனுப்பியது. நாங்கள் யாரும் ஒரு நாளும் அதைச் சொல்லிக்காட்டியதில்லை. அதனாலேயே அவன் தன்னைத்தானே கேட்டுக்கொண்டிருந்தான், சரியாகத்தான் சொன்னேனா என்று. யாராவது பெரிய மனிதர் சூட்டுப் போட்டுக்கொண்டு வந்து, மேடையில் நிறுத்தி, "ஆமாம், நீ சரிதான்" என்று ஒருமுறை சொல்லிவிட்டால் போதும் அவனுக்கு. அடுத்த நாளே போய் ஊதா நிறத்தில் ஒரு சூட்டுத் தைக்கக் கொடுத்தான்.

முதல் கூட்டத்துக்கு மிச்சமிருந்த ஒன்பது பேரும் போனோம். முதல் டிராம்போனும் சாக்ஸபோனும் எங்களை விட்டுப் போய்ச் சில வருடங்கள் ஆகின்றன. டாக்டர் கிரெஷம் எங்களைக் கை குலுக்கி வரவேற்றார். உயரமானவர், ஒல்லியானவர், கையில் எப்போதும் ஒரு வெள்ளைக் கையுறை.

"நான் இந்த இசையை முப்பது வருஷமா ஆராயறேன். ஒரு தடவைகூட ஆடினதில்ல" என்றார் பெருமையாக. "அதனாலதான் என் தீர்ப்பு நடுநிலையா இருக்கு."

"பாவம்பா" என்றாள் எர்மா என் காதில்.

"ஒரு சின்ன சிக்கல். நீங்க ஒன்பது பேர் வந்திருக்கீங்க. மாண்பு ஆறு பேருக்குத்தான்."

"எங்க குழுவுல ஒன்பது பேரு சார்" என்றான் டெல்பர்ட். "போனவங்களையும் சேத்தா பதினொண்ணு."

"போனவங்களால எங்களுக்கு எப்பவும் சிரமமே இல்ல, மிஸ்டர் ஹேர்ஸ்டன். அவங்க மாதிரி ஒத்துழைக்கிறவங்க கிடையாது. ஆனா சலவைக்கல்லுல ஆறு வரிதான் இருக்கு."

"கல்லைக் கொஞ்சம் பெரிசா வெட்டக் கூடாதா?"

டாக்டர் கிரெஷம் சிரித்தார், சின்னப் பிள்ளை நிலாவைக் கேட்டால் சிரிப்பதைப் போல. ஆறு என்ற எண் மிக ஆழமான ஆராய்ச்சிக்குப் பின் எடுக்கப்பட்டது என்றார். யாருடைய ஆராய்ச்சி என்று கேட்டதற்கு, அது தனக்கு முந்திய தலைவர் காலத்தில் நடந்தது, ஆழமாக இருந்ததால் யாருக்கும் நினைவில்லை என்றார்.

பிறகு ஒரு பொத்தானை அழுத்தினார். எங்கள் நான்கு விநாடி ஓடியது.

"ஒரு குழுவோட தாக்கம்ங்கிறது என்ன? மத்தவங்க எடுத்துக்கிட்ட பகுதிதான். யாருமே எடுக்காத பகுதிக்கு நாங்க எப்படி மதிப்புக் கொடுக்க முடியும்? ஆக, இந்த நாலு விநாடியில யார் யார் கேக்குதோ அவங்கதான் கலைஞர்கள். எங்க நிபுணர் பிரிச்சு எடுத்திருக்கார். டிரம்ஸ், பேஸ், கிடார், ஆர்கன், ஒரு கைதட்டல். ஆறாவதா..." கொஞ்சம் நிறுத்தி எங்களைப் பார்த்தார். "ஒரு இருமல்."

மறுபடியும் ஓடவிட்டார். உண்மைதான். கைதட்டலுக்கு முன்னால் யாரோ 'க்ஹ' என்கிறார்கள். இத்தனை வருடத்தில் எங்களுக்கே தெரியாது.

லான்ஸல் மெதுவாகத் தொப்பியைக் கழற்றினான். "டாக்டர், அந்தப் பாட்டைப் பாடினது நான்."

"தெரியும் சார். ரொம்ப அழகான குரல். ஆனா நீங்க சரியா அந்த நாலு விநாடி முன்னாடி நிறுத்திட்டீங்க." டாக்டர் கிரெஷம் உண்மையாகவே வருத்தப்பட்டார். "கொஞ்சம் இழுத்துப் பாடியிருக்கலாம்."

லான்ஸலும் டிரம்பெட் வாசிக்கும் மேபின் இரட்டையரும் நானும் வெளியே, ஒரு இருமல் உள்ளே. இதுதான் கணக்கு. டெல்பர்ட் குடிக்கத் தண்ணீர் கேட்டான். காட்சிப் பொருட்கள் இருக்கும் அறையில் தண்ணீர் தருவதில்லை என்றாள் மிஸ் பெட்டிகரூ.

அடுத்த கேள்வி, இருமியது யார் என்பது. நாங்கள் பதிவு செய்த இடம் ஒரு கறிக் கடைக்குப் பின்னால் இருந்த கொட்டகை. ஹிக்கரி விறகுப் புகை நாள் முழுக்க உள்ளே வரும். யார் வேண்டுமானாலும் இருமியிருக்கலாம். அந்த நான்கு விநாடியில் வாய் சும்மா இருந்தவர்கள் என்று பார்த்தால் நான், லான்ஸல், மேபின் இரட்டையர், அப்புறம் போய்ச் சேர்ந்த இருவர். நான்கு பேருக்கும் இருமல் சரிபார்ப்பு வைத்தார்கள்.

மூன்று நிபுணர்கள் காதில் பெரிய ஹெட்போனோடு உட்கார்ந்திருந்தார்கள். முன்னால் ஒரு மைக். இரட்டையர் முதலில் போனார்கள். இருவருடைய இருமலும் ஒரே மாதிரி இருந்ததால் ஒருவர் இன்னொருவரைப் பார்த்து எழுதிவிட்டது போல நிபுணர்கள் சந்தேகப்பட்டு இருவரையும் நிராகரித்தார்கள். அடுத்தது லான்ஸல். தொப்பியை மாட்டிக்கொண்டான், கண்ணை மூடினான், ஒரு கையை நெஞ்சில் வைத்தான். தாழ்வாக ஆரம்பித்து மேலே ஏறி நடுங்கி இறங்கியது பாருங்கள், அப்படி ஓர் இருமலை நான் அதற்கு முன்பும் கேட்டதில்லை, பின்பும் கேட்டதில்லை. எர்மா "ஆமென்!" என்று கத்திவிட்டாள்.

"மிகை" என்று எழுதினார் நடு நிபுணர்.

கடைசியில் நான். எனக்கு இருமல் வரவில்லை. கூச்சம். மைக்கின் மேல் அரை விரல் தடிமனுக்குத் தூசி. அதை ஊதினேன், தொண்டையில் போய்விட்டது. 'க்ஹ' என்றேன்.

மூவரும் ஹெட்போனைக் கழற்றிவிட்டு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "எழுபத்து நாலாம் வருஷத்து இருமலோட இதுக்கு ஆன்மிக ஒற்றுமை இருக்கு" என்றார் ஒருவர். "ஆனா நுட்பம் கொஞ்சம் தளர்ந்து போச்சு" என்றார் இன்னொருவர். அன்றிலிருந்து நான் மாண்பு மன்றத்தின் இருமல் கலைஞன். எட்டு வயதிலிருந்து டிராம்போன் வாசிக்கிறேன் என்பதை எங்கேயும் குறிப்பிடவில்லை.

அந்த ஞாயிறு சர்ச் முடிந்து எர்மா வீட்டில் மீன் வறுத்தாள். எல்லோரும் வந்திருந்தோம். டெல்பர்ட் தட்டில் கெளுத்தி மீன் ஆறிக்கொண்டிருந்தது.

"போன் பண்ணி வேணாம்னு சொல்லிடப் போறேன்" என்றான். "ஒன்பது பேரு, இல்லன்னா ஒண்ணுமில்ல."

"ஆரம்பிச்சிட்டான்யா" என்றான் லான்ஸல். "டேய், போன தடவை நீ அந்த வசனத்தைச் சொன்னதுல நான் நாப்பது வருஷம் ஓட்டைக் கார் வித்தேன். இந்தத் தடவை பேசாம போய் உக்காரு. நாங்க கடைசி வரிசையில இருந்து கை தட்டறோம்."

"அதெப்படிடா? நீயில்லாம..."

"நானில்லாம என்ன? இருமலே மேடை ஏறுதாம், குரல் இல்லன்னா என்ன?" என்று என்னைப் பார்த்துக் கண்ணடித்தான். "வேமன், எங்க, மீன் சாப்பிடறதுக்கு முன்னாடி ஒண்ணு இருமு. ஜனங்க கேக்கட்டும்."

சிரித்தோம். ஆனால் அவன் கண் சிரிக்கவில்லை. முகம் முழுக்கச் சிரிக்கும்போது கண் மட்டும் சும்மா இருந்தால் என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. எழுந்து போய் எலுமிச்சைச் சாறு ஊற்றிக்கொண்டேன்.

எர்மா வாணலியிலிருந்து திரும்பாமலே சொன்னாள். "டெல்பர்ட்டு, உனக்கு வேணுமா வேணாமா? அதைச் சொல்லு."

டெல்பர்ட் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு, "வேணும் எர்மா. ரொம்ப வேணும்" என்றான். எழுபத்து மூன்று வயது மனிதன் அதைத் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

"அப்ப போறோம். மீனைச் சாப்பிடு."

ஒத்திகைக்கு ஆறு பேர் மட்டும் வரலாம் என்றார்கள். அங்கே மிஸ் பெட்டிகரூ எங்களுக்கு அசைவு விதிகளை விளக்கினாள். தலையாட்டல் முதல் நிலை, அது எல்லோருக்கும் அனுமதி. தோள் இரண்டாம் நிலை, அதற்கு முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். இடுப்பு மூன்றாம் நிலை. அதற்குக் காப்பீட்டுக் கம்பெனி இன்னும் பதில் சொல்லவில்லை.

"பதில் வர்ற வரைக்கும்?" என்று கேட்டான் ஆர்லிஸ்.

"இடுப்பைத் தற்காலிகமா நிறுத்தி வைக்கணும்."

அடுத்தது கைதட்டல் பயிற்சி. சீராக இருக்க வேண்டுமாம். டாக்டர் கிரெஷம் தானே முன்னால் நின்று ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எண்ணி, ஒன்றிலும் மூன்றிலும் தட்டிக் காட்டினார். எங்கள் சர்ச்சில் கைக்குழந்தைகூட இரண்டிலும் நான்கிலும்தான் தட்டும். ஒன்றில் தட்டினால் அம்மாமார் கையைப் பிடித்து நிறுத்திவிடுவார்கள். எர்மா தன் கைகளைத் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்துகொண்டாள்.

"ஏன் மேடம் தட்டல?"

"வலிக்குது டாக்டர்."

"கையா?"

"காது."

அப்போதுதான் எர்மா தான் உட்கார்ந்திருந்த நாற்காலியைக் கவனித்தாள். மேடையில் ஆறு நாற்காலி, சிவப்பு வெல்வெட், கால்கள் தரையோடு திருகப்பட்டிருந்தன. எந்தப் பக்கமும் கை இல்லை. ஓரமாக, அடுத்தடுத்து, ஒட்டினாற்போல் ஆறும். கையால் தடவிப் பார்த்தாள், குனிந்து கால்களைப் பார்த்தாள். சர்ச்சில் எந்தச் சாவு வீட்டுக்கும் முதல் ஆளாகப் போகிறவள் அவள்தான்.

"டெல்பர்ட்டு, இது என்ன நாற்காலி தெரியுதா?"

"என்ன?"

"சவப்பெட்டி தூக்கறவங்க உக்கார்ற நாற்காலி. ஜெபம் முடிஞ்சதும் சட்டுன்னு எழுந்திருக்கணும்னு பக்கத்துல கை வைக்க மாட்டாங்க. அந்தப் பக்கம் மூணு, இந்தப் பக்கம் மூணு. ஆறு பேரு."

டெல்பர்ட் மிஸ் பெட்டிகரூவைப் பார்த்தான். அவள் முகம் சிவந்துவிட்டது. "கட்டடம் வாங்கறப்பவே இருந்துச்சு" என்றாள் மெதுவாக. "கழட்ட முடியல. நாற்காலி ஆறு இருக்கேன்னு கல்லுல ஆறு வரி வெட்டினாங்க. கல்லுல ஆறு வரி இருக்கேன்னு விதி எழுதினாங்க."

டாக்டர் கிரெஷம் சலவைக்கல்லைக் கையுறையால் துடைத்துக்கொண்டிருந்தார், கேட்கவில்லை. டெல்பர்ட் வீடு திரும்பும் வரை பேசவில்லை. அவனை எனக்கு நன்றாகத் தெரியும். பேஸ் வாசிக்கிறவன் பேசாமல் இருந்தால் ஏதோ வரப்போகிறது என்று அர்த்தம்.

விழா ஜூன் மாதத்துச் சனிக்கிழமை மதியம். டெல்பர்ட் எங்கிருந்தோ ஒரு ரொட்டி வேனை வாடகைக்குப் பிடித்து வந்திருந்தான். ஒன்பது பேரும் அதில்தான் போனோம். முட்டிகள் பழைய மாதிரி மடங்கவில்லை, ஆனால் வேன் பழைய மாதிரிதான் நாறியது. எங்களுக்குப் பின்னால் மேற்குப் பக்கத்திலிருந்து சர்ச் ஜனங்கள் பத்துப் பன்னிரண்டு கார்களில் வந்து பின்வரிசைகளை நிரப்பினார்கள். முன்வரிசைகளில் ஃபேர்ஹோம்காரர்கள் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

நாங்கள் ஆறு பேரும் பெட்டி தூக்கிகளின் நாற்காலியில் உட்கார்ந்தோம். டாக்டர் கிரெஷம் பேசினார். இந்த மாதிரிப் பேச்சைக் காசு கொடுத்தாலும் கேட்க முடியாது.

"அன்பர்களே! இந்த இசை மக்களிடமிருந்து வந்தது. அதை அங்கிருந்து பத்திரமாக மீட்டு எடுத்து வந்ததே இம்மன்றத்தின் சாதனை. தெருவில் கேட்டால் சத்தம், இங்கே கேட்டால் பாரம்பரியம். வித்தியாசம் என்ன? கம்பளம்! இக்குழுவினர் நாற்பது ஆண்டுகளாக யாராலும் கௌரவிக்கப்படவில்லை. அந்தப் பணியில் எங்கள் மன்றமும் பங்கு பெற்றிருக்கிறது என்பதை அடக்கத்தோடு தெரிவித்துக்கொள்கிறேன்."

முன்வரிசைகள் ஒன்றிலும் மூன்றிலும் தட்டின. பின்வரிசையில் யாரோ ஒரு அக்கா "ஐயோ கடவுளே" என்று முனகியது மேடைவரை கேட்டது.

பிறகு சலவைக்கல்லின் திரையை விலக்கினார்கள். ஆறு பெயர். கடைசி வரியில், "வேமன் சீல்ஸ், இருமல்." என் மனைவி கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகிறாள் என்று நினைத்தேன். தோள் குலுங்கிய விதத்தைப் பார்த்தால் இரண்டாம் நிலை அசைவு அது, சிரிப்பு.

டெல்பர்ட்டை நன்றி சொல்லக் கூப்பிட்டார்கள். ஊதா சூட்டில் எழுந்து மைக்குக்குப் போனான். கல்லைப் பார்த்தான். அவன் பெயர் அங்கே இருந்தது, பொன் எழுத்தில், முதல் வரியில். கையை நீட்டி அந்த எழுத்துகளை ஒருமுறை தொட்டான். அப்படியே நன்றி சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்திருக்கலாம். யாரும் குறை சொல்லியிருக்க மாட்டோம், லான்ஸல்கூட.

"டாக்டர், ரொம்ப நன்றி" என்றான். "இந்த நாற்காலிங்க எதுக்குன்னு எங்க எர்மா சொன்னா. ஒரு பொணத்தைத் தூக்க ஆறு பேரு போதும், அது சரிதான். ஆனா எங்க பாட்டு இன்னும் சாகல. அதைத் தூக்க ஒன்பது பேரு வேணும்." பின்வரிசையைப் பார்த்துக் கையை ஆட்டினான். "மேபின், ரெண்டு பேரும் வாங்க. லான்ஸல், வாடா."

"மிஸ்டர் ஹேர்ஸ்டன், நாற்காலி ஆறுதான்!" என்றார் டாக்டர் கிரெஷம். "திருகி வெச்சிருக்கு! கூட்டவும் முடியாது!"

மேபின் இரட்டையர் வந்து எங்கள் நடுவில் எப்படியோ நுழைந்துவிட்டார்கள். லான்ஸல் வரவில்லை. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவன் பின்னால் கண்ணாடிக் கதவின் முன் நின்று தொப்பியைச் சரிசெய்துகொண்டிருந்தான். பிறகு நடைபாதை நடுவில் மெதுவாக, அவசரமே இல்லாமல், கல்யாண மாப்பிள்ளை போல நடந்து வந்தான். ஒரு காலை மேடைப்படியில் வைத்தான். எங்களைப் பார்த்தான். கொஞ்சமும் இடமில்லை.

"தள்ளி உட்காரு, எர்மா!"

நாற்பது வருடத்துக்கு அப்புறமும் அந்தக் குரல் அப்படியே இருந்தது. எர்மா யோசிக்கக்கூட இல்லை, உடம்பு தானாகத் தள்ளியது. அவள் என்னை இடித்தாள், நான் ஒரு மேபினை இடித்தேன், வரிசை முழுக்க இடிபட்டுக் கடைசியில் ஆர்லிஸ் சுவரோடு நசுங்கிக் கத்தினான். பின்வரிசைகள் மொத்தமும் எழுந்துவிட்டன. லான்ஸல் குரலை நிறுத்திய இடத்தில் எர்மா தட்டினாள், சர்ச் முழுக்கத் தட்டியது, இரண்டில், நான்கில். கம்பளத்திலிருந்து பழைய தூசி எழுந்தது. டெல்பர்ட்டிடம் பேஸ் இல்லை, வாயாலேயே வாசித்தான். ஒன்பது பேர் இடுப்பும் காப்பீட்டுக் கம்பெனியைக் கேட்காமல் வேலைக்குத் திரும்பின. முதலில் ஒரு நாற்காலியின் திருகு பிடுங்கிக்கொண்டது, பிறகு எல்லாம்.

மிஸ் பெட்டிகரூ அந்தத் தடைப் பலகைக்கு நேர் கீழே நின்று காலால் தாளம் போட்டுக்கொண்டிருந்தாள். நான் பார்ப்பதை அவளும் பார்த்தாள். நிறுத்தவில்லை.

டாக்டர் கிரெஷம் மட்டும் மேடை நடுவில் தனியாக நின்று, விடாமல், ஒன்றிலும் மூன்றிலும் தட்டிக்கொண்டிருந்தார். எனக்கு அவர்மேல் கோபம் எல்லாம் எப்போதோ போய்விட்டிருந்தது. எர்மாவுக்கும்தான். எட்டி அவர் கையைப் பிடித்தாள், சர்ச்சில் குழந்தை கையைப் பிடிப்பதைப் போல, ஒன்றை விட்டுவிட்டு இரண்டில் சேர்த்துவைத்தாள். பிறகு நாற்காலி ஓரத்தை ஒரு தட்டு தட்டினாள்.

"நின்னுக்கிட்டே இருந்தா எப்படி டாக்டர்? வாங்க. வேமன், தள்ளி உட்காரு!"

அவர் கையுறையைக் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். முப்பது வருட நடுநிலை அன்றோடு முடிந்தது.

கல்லில் இன்றும் ஆறு பெயர்தான். விதியைத் திருத்தக் குழு போட்டிருக்கிறார்கள், அந்தக் குழுவில் எத்தனை பேர் என்று நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள். எங்களுக்கு அதைப் பற்றிக் கவலையில்லை.

திரும்பி வரும்போது வேனை டெல்பர்ட் ஓட்டினான். டேடன் பாலம் தெரிந்ததும் கண்ணாடியில் எங்களைப் பார்த்தான், பலகையில் நெருக்கியடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த எட்டுப் பேரை, ஒவ்வொருவராக.

"சரியாத்தான் சொல்லியிருக்கேன்" என்றான்.

"எங்கடா?" என்றான் லான்ஸல்.

"லாஸ் ஏஞ்சலஸ்ல."

லான்ஸல் தொப்பியை இறக்கிக் கண்ணை மறைத்துக்கொண்டான்.

"அதைக் கண்டுபிடிக்க உனக்கு இவ்வளவு வருஷமாடா?" என்றான் தொப்பிக்கு உள்ளிருந்து. "எங்களைக் கேட்டிருந்தா அன்னிக்கே சொல்லியிருப்போமே. எர்மா, தள்ளி உட்காரு, முழங்கை குத்துது."